மீனாம்பிகைக்கு இரண்டு பரப்பு

புத்தூர் கிழக்கில் பஞ்சலிங்கத்தைப் பற்றி விசாரித்தால், "ஆர், கிணத்துத் தண்ணி பாக்கிற பஞ்சலிங்கமோ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆடி பிறந்து சோளகக் காற்று புழுதியை வாரத் தொடங்கியதும் மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணறு கிணறாகப் புறப்பட்டுவிடுவார். வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பார். ஒரு வாளி அள்ளி, ஒரு கை தண்ணீரை வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு துப்பிவிட்டு, "இன்னும் பிடிக்கேல்லை" என்பார். உப்புச் சவர் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். வீட்டுக்காரி நிம்மதியாகப் போய் உலை வைப்பாள். இந்த உத்தியோகத்துக்கு அவரை ஒருவரும் வைக்கவில்லை, சம்பளமும் இல்லை. தானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

தொழில் தோட்டம். புகையிலையும் வெங்காயமும். அதுவும் சொந்தக் காணியில் அல்ல, குத்தகைக்கு எடுத்தது. குடும்பத்துக்கென்று இருந்தது இரண்டே இரண்டு காணி. வீடு நின்ற வளவு அக்கா பத்மாவதிக்குச் சீதனமாகப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே தாய் நல்லம்மாவும் பஞ்சலிங்கமும் கடைசித் தங்கச்சி மீனாம்பிகையும் பத்மாவதியின் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கி இருந்தார்கள். மற்றக் காணி எட்டுப் பரப்பு. அது தாயின் சீதனம்; முறைப்படி மீனாம்பிகைக்குப் போகவேண்டியது. அதைத்தான் ஊரார் வெளி என்று சொன்னார்கள்.

அந்த வெளியில் ஒரு மண்ணும் இல்லை என்று சொல்லுபவர்கள் உண்டு. பள்ளக்காணி. கோடையில் மாடு மேயும், பெடியள் பந்தடிப்பார்கள். கார்த்திகையில் சுற்றியுள்ள ஒழுங்கைகளின் வெள்ளமெல்லாம் அதற்குள்தான் வந்து விழும். தை வரைக்கும் நின்று, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அப்படி இறங்குகிற தண்ணீரைத்தான் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் ஆவணி வரைக்கும் குடித்தன. கிழக்கே கொஞ்சத் தூரத்தில் கடல்நீரேரி. நிலத்துக்கு அடியில் உப்பு எப்போதும் காத்துக்கொண்டு கிடக்கும். மேலே நல்ல தண்ணீர் கனத்து நிற்கும்வரைதான் அது அடங்கியிருக்கும். மேற்கு ஒழுங்கையில் இதைப்போன்ற ஒரு பள்ளத்துக்கு மண் போட்டு ஒன்பது வீடு கட்டினார்கள். மூன்றாம் வருடம் அங்கே கிணறு உப்பாகி, பால் தேத்தண்ணீர் திரைந்தது. இன்றைக்கும் அந்த ஒழுங்கைப் பெண்கள் குடத்தோடு இந்தப் பக்கம்தான் நடக்கிறார்கள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு கோடை பொல்லாத கோடை. முந்திய மாரி ஏமாற்றிவிட்டது. சித்திரையிலேயே தண்ணீர் வாயில் கரித்தது. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாண ரவுணிலிருந்து ஒரு கட்டடக் கொந்தறாத்துக்காரர் வந்து வெளியைக் கேட்டார். மண் போட்டு நிரவி வீட்டுக் காணிகளாகப் பிரிக்கப்போகிறாராம். நல்லம்மா அரைமனதாகத் தலையாட்டினா. விற்றால் வேறெங்காவது மேட்டுநிலத்தில் மீனாம்பிகைக்கு ஒரு துண்டு வாங்கலாம் என்பது தாயின் கணக்கு. அது நல்ல கணக்குத்தான். பஞ்சலிங்கம் அதைக் கெடுத்தார்.

வைரவர் கோயிலடியில் தோட்டக்காரர் பத்துப்பேரைக் கூட்டினார். வெளி போனால் கிணறு போகும், கிணறு போனால் தோட்டம் போகும், தோட்டம் போனால் நாங்கள் எதற்கு என்று கேட்டார். பேசத் தெரிந்த மனிதர். பத்துப்பேரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் மூத்தவர் இளையதம்பி எழும்பினார்.

"தம்பி, உன்ரை தங்கச்சிக்கு றோட்டோரம் கிடக்கிற என்ரை ரெண்டு பரப்பை நான் தாறன். மேட்டுக்காணி. நீ வெளியை வைரவருக்கு எழுது. ஒருத்தரும் ஒரு காலத்திலும் கட்டாமல் கிடக்கட்டும்."

"உறுதி?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ரை வாய்தான் உறுதி. புகையிலை வெட்டினாப் பிறகு நொத்தாரிசிட்டைப் போவம்."

கோயில் வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தை. அதற்கு மேலே கடுதாசி கேட்பது மரியாதையில்லை என்று அந்த ஊரில் எல்லோருக்கும் எண்ணம். வைகாசியில் நொத்தாரிசு பின்னறைக்கே வந்து வெளியை வைரவருக்கென்று தருமசாதன உறுதி எழுதினார். வெளியில் கட்டடம் எழுப்பக்கூடாது, மண் நிரவக்கூடாது, மாடு மேயலாம். நல்லம்மா கைநாட்டு வைத்தா. நொத்தாரிசுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் மீனாம்பிகை. இருபத்தெட்டு வயது. அவளுடைய காணி அது. அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அங்கிருந்த ஒரு ஆம்பிளைக்கும் தோன்றவில்லை. பஞ்சலிங்கத்துக்குங்கூட.

இரண்டு மாதம் போகவில்லை. ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. இளையதம்பியின் மகள் கமலாவதி அங்கேதான் குடித்தனம் நடத்தினாள். ஆவணியில் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினாள், மூன்று பிள்ளைகளோடும் ஒரு பையோடும். புருசன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

இளையதம்பி ஒரு நாள் காலமை வந்து படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"தம்பி, அந்த ரெண்டு பரப்பு..."

"விளங்குது அண்ணை. அதைப்பற்றிக் கதைக்காதையுங்கோ."

"என்னட்டை வேறை துண்டு இல்லை. பிள்ளையளை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"கதைக்காதையுங்கோ எண்டு சொன்னனான். எப்ப அத்திவாரம் வெட்டுறியள்?"

கமலாவதியின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவர் பஞ்சலிங்கம்தான். தங்கச்சிக்கென்று மனதுக்குள் பலமுறை அளந்து பார்த்த அதே நிலத்தில், அதே மண்வெட்டியால். வேறு என்ன செய்வது? மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் போய் வாக்குக் கேட்க முடியுமா? தன் பங்குக்கு வேறொரு துண்டு தேடித்தான் பார்த்தார். அந்த வருடம் கொழும்பிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டியிருந்தது. மேட்டுநிலம் என்று பெயர் சொல்லக்கூடிய எதற்கும் கிட்டப் போக முடியவில்லை.

அடுத்த வருடம் சம்பந்தம் வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை, இருந்ததுதான். வயாவிளானில் நல்லம்மாவின் தமையன் மகன் தவராசா, சங்கக்கடையில் மனேச்சர். வைரவர் பொங்கலுக்கு வருடம் தவறாமல் சைக்கிள் உழக்கிக்கொண்டு வருவான். பொங்கல் வைரவருக்கோ வேறு யாருக்கோ என்று ஊர் பகிடி பண்ணும். மீனாம்பிகைக்கு அவனில் விருப்பம். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. அவன் வந்தால் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள்.

மாமி, தவராசாவின் தாய், நேரே விசயத்துக்கு வந்தா.

"நல்லம்மா மச்சாள், நான் காசு கேக்கேல்லை, நகை கேக்கேல்லை. என்ரை வீடு என்ரை மகளுக்கு எழுதினது. கலியாணம் முடிச்சால் என்ரை பெடியன் எங்கை பாய் போடுறது? ஒரு அறை, ஒரு குசினி. அவ்வளவுதான்."

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மாமியின் வீடு மாமியின் மகளுக்கு, நல்லம்மாவின் வீடு பத்மாவதிக்கு. இந்த இரண்டு பேருக்கும் வெளியைத் தவிர உலகத்தில் வேறு இடம் இல்லை.

ஊரே வந்து சொன்னது, கட்டு என்று. எந்தப் பத்துப்பேர் கோயிலடியில் தலையாட்டினார்களோ அதே பத்துப்பேர். "ஒரு மூலையிலை ரெண்டு பரப்பு. வைரவர் கோவிக்கமாட்டார்" என்றார் ஒருவர். நொத்தாரிசுங்கூட, எழுதினவ உயிரோடு இருக்கிறா, ஒரு வழி பார்க்கலாம் என்றார். இளையதம்பி ஒருபடி மேலே போய், பாவம் எல்லாவற்றையும் தன் தலையில் போடச் சொன்னார். பஞ்சலிங்கமும் சம்மதித்தார். எண்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் அது. நாலு நாள் சம்மதித்து இருந்தார். அந்த நாலு நாளும் மீனாம்பிகை வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்ததாகப் பத்மாவதி பிறகு சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலமை சல்லிக்கல் ஏற்றிய இரண்டு மாட்டுவண்டில் வெளிக்குப் போனது. பஞ்சலிங்கம் அங்கே போகாமல் மேற்கு ஒழுங்கைக்குச் சைக்கிளைத் திருப்பினார். ஒரு வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டார். அந்தத் தண்ணீரின் கதை அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் போனார். துப்பிவிட்டு வந்து வண்டில்காரர்களைத் திருப்பி அனுப்பினார். ஒரு வீடு நின்றால் அதற்கு ஒரு பாதை வேண்டும். பாதை போட்டால் வெள்ளம் மறிக்கும். ஒருவருக்கு விட்டால் மற்றவருக்கு எப்படி இல்லை என்று சொல்வது? இதெல்லாம் உண்மை. ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் முழு உண்மை அதுவுமல்ல. வெளியைத் தருமத்துக்கு எழுதிய மனிதன் என்று ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது, அந்தப் பெயர் அவருக்கு இனித்தது. நல்லவன் என்ற பெயர் இருக்கிறதே, அதைப்போல மனிதனைக் கெடுக்கிற சாமான் வேறில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது மீனாம்பிகை கிணற்றடியில் நின்றாள். செய்தி அவளுக்கு முதலே வந்துவிட்டது.

"வண்டிலைத் திருப்பிப்போட்டியளாம்."

"ஓம் பிள்ளை."

"அண்ணை, நான் இதுவரைக்கும் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. எனக்கு ஒரு அறை கட்டித் தாங்கோ."

"உந்த வெளித் தண்ணியிலைதான் ஊர் இருக்குது, பிள்ளை."

"ஊர் இருக்குது. நான்?"

பேசத் தெரிந்த மனிதர், பத்துப்பேர் முன்னால் அடுக்கி அடுக்கிப் பேசியவர், ஒரு பெண் பிள்ளைக்கு முன்னால் மரமாக நின்றார். அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் அள்ளத் தொடங்கினாள். பிறகு அவள் அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

தவராசா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தான். பிறகு வயாவிளானிலேயே கல்வீட்டோடு ஒரு பெண், செல்வமலர் என்று பெயர். கலியாணத்துக்குப் பயற்றம் பணியாரம் சுட ஆள் காணாது என்று மாமி கூப்பிட்டா. நல்லம்மாவுக்கு ஏலாமல் இருந்தது. மீனாம்பிகை போய் இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். கையில் எண்ணெய் தெறித்த இடம் கொப்பளித்திருந்தது. "நோகுதே?" என்று பஞ்சலிங்கம் கேட்டார். "இல்லை" என்றாள். தங்கச்சி கரைசேராமல் தமையன் கலியாணம் முடிக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஆக அவருடைய கதையும் அதோடு சரி. எண்பத்தேழில் இந்தியன் ஆமி வந்த சண்டைக்குள் மருந்தில்லாமல் நல்லம்மா செத்துப்போனா. சாகும்வரைக்கும் மகனோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

கிணறுகள் மட்டும் நன்றாக இருந்தன. இதையும் சொல்லத்தானே வேண்டும். அந்த ஐந்தாறு வருடமும் ஆவணி முடிவில்கூடப் புத்தூர் கிழக்கில் தேத்தண்ணீர் திரையவில்லை. ஆடியில் பஞ்சலிங்கம் போகிற வீடெல்லாம் அவரை இருக்கச்சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார்கள். அவர் இருக்கமாட்டார். முந்தியெல்லாம் வாயில் தண்ணீரை விட்டதும் முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும். இப்போது அதுவும் தெரிவதில்லை.

தொண்ணூறு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. பலாலிப் பக்கத்திலிருந்து செல் வந்து விழ விழ, வயாவிளான், கட்டுவன் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு தெற்கே ஓடிவந்தது. பள்ளிக்கூடம் நிறைந்தது, கோயில் நிறைந்தது, வீட்டு விறாந்தைகள் நிறைந்தன. சொந்தக்காரர் இருக்கிற இடத்துக்குத்தானே மனிதர் வருவார்கள்? தவராசாவும் வந்தான். சைக்கிள் கரியரில் மாமி, பின்னால் செல்வமலர் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்து வந்தாள். கல்வீட்டைப் பூட்டித் திறப்புக் கொத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

மாமி மீனாம்பிகையின் கையைப் பிடித்தா. "வீடு வீடெண்டு நிண்டன் பிள்ளை. இப்ப ஒருத்தருக்கும் வீடில்லை." மீனாம்பிகை மாமியை இருத்திக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்தார். பதினான்கு குடும்பம் றோட்டில் நிற்கிறது, வெளியைத் தவிர வெறும் நிலம் இல்லை, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார்.

"கார்த்திகையிலை அது முழுக்கத் தண்ணியெல்லோ, ஐயா" என்றார் பஞ்சலிங்கம்.

"கார்த்திகை வரட்டும், அண்ணை" என்றாள் மீனாம்பிகை உள்ளே இருந்து. "இப்ப குழந்தையள் வெயிலுக்கை நிக்குதுகள்."

"தருமத்துக்கு எழுதின காணி, பிள்ளை."

அவள் வாசலுக்கு வந்தாள். "ஓம். தருமத்துக்கெண்டுதானே எழுதினனீங்கள்?"

பஞ்சலிங்கமே முன்னால் போய்க் கம்பு நட்டு இடம் பிரித்துக் கொடுத்தார். ஒரு கிழமைக்குள் பதினான்கு கொட்டில் எழும்பிவிட்டது. தன் சொந்தச் சகோதரிக்கு ஒரு அறைக்கு இடமில்லை என்று சொன்ன வெளியில் பதினான்கு அடுப்பு புகைந்தது. இதை மீனாம்பிகை ஒரு தரமாவது குத்திக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை. தவராசாவின் மூத்த பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். செல்வமலருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். இதையெல்லாம் பஞ்சலிங்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பகல் தோட்டத்தில் புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் குந்தியிருந்து, யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, வாய்விட்டு அழுதார்.

அவர் பயந்ததெல்லாம் ஒன்றும் பிசகாமல் நடந்தது. கார்த்திகை வெள்ளம் கொட்டில்களுக்குள் முழங்காலளவு வந்தது. சனம் என்ன செய்யும்? குண்டு விழுந்த வீடுகளிலிருந்து இடிபாடு அள்ளிவந்து நிலத்தை உயர்த்தினார்கள். அடுத்த வருடம் வரம்பு கட்டினார்கள். மலசலகூடத்துக்குக் குழி வெட்டினார்கள். ஒழுங்கை வெள்ளத்துக்கு வெளிக்குள் போக வழியில்லை. அது கிழக்கே கடலுக்கு ஓடிப்போனது. தொண்ணூற்றிரண்டு ஆடியில் பஞ்சலிங்கம் தன் தோட்டக் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். துப்பாமல் விழுங்கினார்.

"பிடிச்சிட்டுது" என்றார் பக்கத்தில் நின்ற இளையதம்பியிடம்.

"நீ அப்பவே சொன்னனி, தம்பி."

"சொன்னனான்" என்றார் பஞ்சலிங்கம். "சொல்லி என்ன?"

புகையிலை இலையின் ஓரம் கருகத் தொடங்கியது. அடுத்த வருடம் குத்தகைக் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போனார். தண்ணீரும் போனது, தங்கச்சியின் வாழ்வும் போனது. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியதாகத்தான் அவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டு இருந்தார்.

தொண்ணூற்றுநாலில் பத்மாவதியின் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். வீடு மகளுக்குப் போகவேண்டும், அது முறை. மாப்பிள்ளை பகுதி பின்னறையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனது. பத்மாவதி இரண்டு நாள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தாள். மூன்றாம் நாள், "நான் ஒருத்தரையும் போகச் சொல்லேல்லை, தம்பி" என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் அழுதாள். அதற்குள் மீனாம்பிகை தன்னுடைய ஒரேயொரு பெட்டியைக் கட்டி முடித்திருந்தாள். முப்பத்தொன்பது வயது. போவதற்கு இடமில்லாமலே கட்டி வைத்தாள்.

அப்போதுதான் பஞ்சலிங்கம் கட்டத் தொடங்கினார். வெளியில் மிஞ்சியிருந்தது நடுப்பள்ளம் மட்டும், எல்லா இடமும் வற்றிய பிறகும் தண்ணீர் நிற்கிற இடம். ஆகையால் ஒருவரும் அதை எடுக்கவில்லை. தங்கச்சிக்குச் சேரவேண்டிய எட்டுப் பரப்பில் கடைசியாக அவளுக்குக் கிடைத்த துண்டு அது. சீமெந்து ஊருக்குள் வர விடாத காலம். களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து, இடிந்த வீட்டுக் கற்களைத் தலையில் சுமந்து, வேலைக்குப் போய்வந்த பிறகு மாலைப்பொழுதுகளில் கட்டினார். ஒரு அறை, ஒரு குசினி. மாமி கேட்ட அளவுதான். பத்து மாதம் எடுத்தது. அதுவரைக்கும் மீனாம்பிகை பின்னறையிலேயே இருந்தாள்.

கதவு கிடைக்கவில்லை. இளையதம்பி தன் வீட்டுச் சாமியறைக் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேலே, மூச்சு வாங்கியது.

"நான் தாறனெண்டு சொன்னது காணி. இதையெண்டாலும் வாசலுக்குப் பூட்டு, தம்பி."

பஞ்சலிங்கம் மறுக்கவில்லை. மறுத்தால் கிழவன் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்போல இருந்தது.

கூரை வேய்ந்தவன் தவராசா. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. மேலே இருந்துகொண்டு கையை நீட்டுவான். கீழே நின்று மீனாம்பிகை கிடுகு எடுத்துக் கொடுப்பாள். "இன்னும் ரெண்டு" என்பான். கொடுப்பாள். ஒரு முழு நாளும் அவர்கள் கதைத்தது அவ்வளவுதான். செல்வமலர் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், பால் விடாமல்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் குடிபூரல். பால் பொங்கியது. கமலாவதி பிள்ளைகளோடு வந்து குத்துவிளக்கு ஏற்றினாள். சனம் போன பிறகு மீனாம்பிகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டாள். பஞ்சலிங்கம் வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். நாற்பது வயதுக்குள் தன்னுடையது என்று சொல்லி ஒரு கதவைச் சாத்தியிருக்கிறாளா அவள்? கொஞ்ச நேரத்தில் திறந்தாள். திரும்பவும் சாத்தினாள். திரும்பவும் திறந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு சந்தோசத்தை அவரால் தாங்கமுடியவில்லை. பத்து வருடத்துக்கு முதல் இரண்டு வண்டில் கல்லில் முடிந்திருக்கும் சந்தோசம்.

அந்த வீட்டில் அவள் இருந்தது இரண்டு மாதம். சுவருக்கு வெள்ளை அடித்தாள். யன்னலுக்குப் பழைய சீலையில் திரை தைத்துப் போட்டாள். வாசலில் செவ்வரத்தை நட்டாள். வந்தவர்களை எல்லாம் இருக்கச்சொல்லி, "என்ரை வீட்டிலை ஏதும் குடியாமல் போகக்கூடாது" என்று மறித்தாள். கிணற்றுச் சவரில் எந்தத் தேத்தண்ணீர் நன்றாக இருக்கும்? எல்லோரும் குடித்தார்கள். பஞ்சலிங்கம் வைரவர் கோயில் மடத்தில் படுத்துக்கொண்டு, காலமையில் வந்து அவள் கையால் வாங்கிக் குடித்தார்.

ஐப்பசி பிறந்து இரண்டு நாள். அச்சுவேலிப் பக்கத்தில் செல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. ஆமி இறங்கிவிட்டான், எழும்புங்கோ என்று சைக்கிளில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். வெளியில் இருந்த சனத்துக்கு ஓடிப் பழக்கம், அரைமணித்தியாலத்தில் கட்டிவிட்டார்கள். செல்வமலர் இன்னொரு தரம் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனாள். மீனாம்பிகைதான் வரவில்லை. பஞ்சலிங்கம் போய்ப் பார்த்தபோது அவள் குசினி கூட்டிக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, வா."

"இந்தா வாறன் அண்ணை. இதை மட்டும் கூட்டிப்போட்டு."

குப்பையை அள்ளி வெளியே போட்டாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். கதவைச் சாத்திக் கையால் ஒருதரம் தடவிவிட்டு வந்தாள். பூட்டு இல்லை, வாங்குவதற்கு இன்னும் வசதி வரவில்லை.

கோப்பாய் தாண்டிக் கைதடிப் பக்கம் சனம் அடியெடுத்து அடியெடுத்துத்தான் நகர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது, நல்ல மாரி மழை. பஞ்சலிங்கம் சைக்கிளைத் தள்ளினார், கரியரில் அவளுடைய பெட்டி. மீனாம்பிகை பக்கத்தில் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். பாலத்தடியில் சனம் இறுகி நின்றுவிட்டது. அங்கே நின்றபோதுதான் அவர் சைக்கிள் ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினார். சுற்றி நின்றவர்கள் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த றோட்டில் எல்லோரும்தான் அழுதார்கள்.

அவள் அவருடைய முதுகில் கையை வைத்தாள்.

"ஏன் அண்ணை அழுறியள்? அப்ப கட்டித் தந்திருந்தாலும் இண்டைக்கு விட்டிட்டுத்தானே வந்திருப்பன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. காதோரம் நரைத்திருந்தது.

"பத்து வருசம் இருந்திருப்பாய், பிள்ளை."

முன்னால் நின்ற சனம் கொஞ்சம் அசைந்தது. மீனாம்பிகை கரியரிலிருந்த பெட்டி சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அண்ணை" என்றாள். "இருந்திருப்பன்."